நரம்பு கிடைக்கவில்லை என்றால் என்ன கேட்கலாம்?

(காலாண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த பிறகு கிளப் ஹவுஸில், அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் நம் டி பிளாக் டாக்டர் ஆற்றிய உரை. அன்று வர முடியாத பலர் கேட்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)

பராமரிப்புக் கட்டணம், போர்வெல் மோட்டார், விசிட்டர் பார்க்கிங் எல்லாவற்றையும் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்னால் போண்டா வாசனையும் வந்துவிட்டது. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

செயலாளர் சார் என்னிடம் கேட்டது முதலுதவி பற்றிப் பேசச் சொல்லி. முதலுதவி பற்றிப் போன வருடமே ஒருவர் வந்து நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். நான் இன்று பேச நினைப்பது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் கையில் ஊசி போட்டு டிரிப்ஸ் லைன் வைப்பது. நம் சங்கம் இப்போது வீட்டுக்கு வீடு அவசரத் தகவல் படிவம் வாங்கிக்கொண்டிருக்கிறது அல்லவா? பெயர், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, பிள்ளைகளின் போன் நம்பர் என்று. அதில் இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்று கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டு வரி ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பேச்சு.

ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு வாந்தி, பேதி, தலைசுற்றல். ஆம்புலன்ஸ் வந்து எமர்ஜென்சிக்குக் கொண்டுபோகிறீர்கள். சிஸ்டர் இடது கையில் குத்துகிறார், கிடைக்கவில்லை. வலது கையில் குத்துகிறார், கிடைத்தது போல் இருந்து வீங்கிவிடுகிறது. இன்னொரு சிஸ்டர் வருகிறார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு முனகுகிறார். நான்காவது குத்தில் மகன் குரலை உயர்த்துகிறார்: "உங்களுக்கு ஊசி போடத் தெரியுமா தெரியாதா?" இது எந்த ஊர் எமர்ஜென்சியிலும் நடக்கிற காட்சி. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள்.

முதலில் ஒரு வார்த்தை விளக்கம். நாம் தமிழில் எல்லாவற்றையும் 'நரம்பு' என்றே சொல்லிவிடுகிறோம். ரத்தம் ஓடுகிற குழாயும் நரம்பு, உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோவதும் நரம்பு. பாடப்புத்தகத்தில் டிரிப்ஸ் போடுகிற குழாய்க்குச் சிரை என்று பெயர், இதயத்திலிருந்து துடிப்போடு வருவது தமனி. ஆனால் "சிரை கிடைக்கலை" என்று எந்த சிஸ்டரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனால் நானும் நரம்பு என்றே சொல்கிறேன். ஓரிடத்தில் மட்டும் பிரித்துச் சொல்வேன், அங்கே கொஞ்சம் கவனியுங்கள்.

கையில் போட்டு வைப்பதை நாம் வென்ஃப்ளான் என்கிறோம். அதில் ஓர் எஃகு ஊசி, அதன் மேல் உறை மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் குழாய். ஊசி நரம்புக்குள் போனதும் பிளாஸ்டிக்கை உள்ளே தள்ளிவிட்டு ஊசியை வெளியே எடுத்துவிடுவோம். உள்ளே தங்குவது பிளாஸ்டிக் மட்டும்தான். "கையை அசைக்காதே, உள்ளே ஊசி இருக்கு" என்று இரவு முழுக்கக் கையைப் பலகை போல வைத்துக்கொண்டு கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம்.

இப்போது, எமர்ஜென்சியில் நான் அதிகம் கேட்கிற கேள்வி: "காலையில லேப் பையன் வீட்டுக்கு வந்து ஒரே குத்துல ரத்தம் எடுத்துட்டுப் போனானே, இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில முடியலையா?" கேள்வி நியாயமானதுதான். லேப் பையனுக்கு ஊசியின் நுனி அரை நிமிடம் நரம்புக்குள் இருந்தால் போதும். எங்களுக்கு ஊசி போய், அதன் மேல் இருக்கும் பிளாஸ்டிக்கும் வழுக்கிக்கொண்டு முழுதாக உள்ளே போய், மருந்து வேகமாகப் போனாலும் கசியாமல் நிற்க வேண்டும். அதற்கு நரம்பு கொஞ்ச தூரமாவது நேராகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். காலையில் தண்ணீர் குடித்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கையும், பத்துத் தடவை வாந்தி எடுத்து ஏசி அறையில் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கும் அம்மாவின் கையும் ஒன்றல்ல. உடம்பில் நீர் குறைந்தால் நரம்பு சுருங்கும். குளிரிலும் சுருங்கும்.

இன்னும் சிலருக்கு எப்போதுமே கஷ்டம். வயதானவர்களுக்குத் தோல் தளர்ந்து நரம்பு வழுக்கிக்கொண்டே போகும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், ஊசி பட்டால் நகர்ந்துவிடும், இல்லை உடைந்துவிடும். கீமோ எடுத்தவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், பல தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள், உடம்பு கனமானவர்கள், குழந்தைகள் எல்லோரும் இந்த வகை. இவர்களுக்கு ஊசி போடுபவரின் கை எவ்வளவு பழகியதாக இருந்தாலும், கண்ணாலும் விரலாலும் மட்டும் தேடினால் பல குத்துகள் ஆகலாம்.

இந்த இடத்தில்தான் ஸ்கேன் உதவிக்கு வருகிறது. வயிற்றுக்குப் பார்க்கும் அதே அல்ட்ராசவுண்ட்தான், ஆனால் கையில் வைக்கும் முனை சின்னது, தோலுக்கு அருகில் இருப்பதைத் தெளிவாகக் காட்டக்கூடியது. முழங்கைக்கு மேலே, கையின் உட்புறத்தில் ஜெல் தடவி வைத்தால் திரையில் கறுப்பு வட்டங்கள் தெரியும். லேசாக அழுத்திப் பார்ப்போம். அமுங்கிப்போனால் சிரை, அமுங்காமல் துடித்தால் தமனி. அந்த இடத்தில் சிரை, தோலுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கீழே இருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது, தடவினாலும் தட்டுப்படாது. திரையில் மட்டும் கொழுக்கட்டை மாதிரி உருண்டையாக உட்கார்ந்திருக்கும். யாரும் குத்தாததால் பழுதில்லாமலும் இருக்கும். ஊசியின் நுனி வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி வட்டத்துக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே போடலாம்.

இது இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகர எமர்ஜென்சி டாக்டர்கள் 1999-இலேயே, நரம்பு கிடைக்காத 100 பேருக்கு இப்படி மேல்கையில் ஸ்கேன் பார்த்துப் போட்டதில் 91 பேருக்குக் கிடைத்தது என்று எழுதினார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது 2005-இல் ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழக டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வு. சின்ன ஆய்வுதான், 60 நோயாளிகள். எல்லோருமே சிஸ்டர்கள் குத்திக் கிடைக்காதவர்கள். ஒற்றைப்படைத் தேதிகளில் ஸ்கேன் பார்த்துப் போட்டார்கள், இரட்டைப்படைத் தேதிகளில் பழைய முறையில். ஸ்கேன் பார்த்துப் போட்டபோது 97 சதவீதம் பேருக்குக் கிடைத்தது. பழைய முறையில் 33 சதவீதம். சராசரிக் குத்துகள் 1.7, பழைய முறையில் 3.7. ஆன நேரம் 13 நிமிடம், பழைய முறையில் 30 நிமிடம். அவர்கள் இன்னொன்றும் கேட்டார்கள்: "இந்த ஊசி போட்ட விதத்தில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி? பத்துக்கு மார்க் போடுங்கள்." ஸ்கேன் முறைக்கு 8.7, பழைய முறைக்கு 5.7.

மூன்று மார்க் வித்தியாசம். எமர்ஜென்சியில் வலியோடு வந்திருக்கும் ஒருவர், இதயம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் இருப்பவர், ஊசி போடுவதற்குத் தனியாக மார்க் போடுவாரா என்று நீங்கள் கேட்கலாம். போடுகிறார். டாக்டர் என்ன மருந்து கொடுத்தார் என்பது நோயாளிக்கு நினைவிருக்காது. எத்தனை தடவை குத்தினார்கள் என்பது பேரன் பேத்தி காலம் வரை நினைவிருக்கும். அடுத்த முறை நெஞ்சு வலி வந்தால், "ஐயோ, அங்க போனா கையைக் கூறு போட்டுடுவாங்க, விடியட்டும் பாக்கலாம்" என்று படுத்துவிடுகிறவர்கள் உண்டு. திருப்தி என்ற வார்த்தை ஓட்டல் சமாச்சாரம் போல ஒலிக்கிறது, எனக்கும் அது அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் எமர்ஜென்சியில் அதன் பொருள், நேரத்தோடு திரும்பி வருவாரா மாட்டாரா என்பது.

2011-இல் வாஷிங்டனில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக டாக்டர்கள் ஸ்கேன் பார்த்து லைன் போட்ட 146 நோயாளிகளிடம் கேட்டார்கள். சராசரி 9.2. பத்துக்கு 9.2! பெரும்பாலும் போட்டவர்கள் டாக்டர்கள்கூட இல்லை, பயிற்சி பெற்ற எமர்ஜென்சி டெக்னீஷியன்கள். ஆனால் இந்த எண்ணை அப்படியே விழுங்க வேண்டாம். லைன் கிடைத்தவர்களிடம் மட்டுமே கேட்ட கேள்வி அது. கிடைக்காமல் போனவரிடம் கேட்டிருந்தால் மார்க் வேறு மாதிரி இருக்கும். இன்னொன்று, அந்த நோயாளிகள் பலரும் வருஷக்கணக்காக ஊசியால் அவதிப்பட்டவர்கள், அரிவாள் செல் சோகைக்காரர்கள் மாதிரி. எட்டு குத்து பார்த்தவருக்கு ஒரே குத்தில் முடிந்தால் பத்துக்குப் பதினொன்று கொடுப்பார்.

எதிராக வந்த ஆய்வும் உண்டு. 2009-இல் வந்த ஒன்றில், இரண்டு முறை தவறியவர்களை எடுத்துக்கொண்டு டாக்டர்கள் ஸ்கேனோடும் ஸ்கேன் இல்லாமலும் முயன்றார்கள். குத்துகளின் எண்ணிக்கையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்கேன் பார்ப்பது கைப்பழக்கம் சார்ந்த வேலை. திரையைப் பார்த்துக்கொண்டே கையை நகர்த்தப் பழக வேண்டும். புதிதாகக் கார் ஓட்டுகிறவர் ரிவர்ஸ் கேமரா இருந்தும் பார்க்கிங் தூணில் இடிப்பதில்லையா, அதுபோல. (நம் பேஸ்மென்ட் தூண்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.)

2016-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் விடை நேராக இருக்கிறது. நரம்பு கிடைப்பது கஷ்டமானவர்களுக்கு ஸ்கேன் நல்லது. நரம்பு நன்றாகத் தெரிகிறவர்களுக்குப் பழைய முறையே மேல், ஸ்கேன் வைத்தால் முதல் முயற்சி தவறுவது கூடுகிறது. ஆகவே ஜிம்முக்குப் போகிற உங்கள் பையனுக்கு டெங்கு காய்ச்சல் என்று போனால், "ஏன் ஸ்கேன் வைக்கல?" என்று கேட்க வேண்டாம். அவன் கையில் நரம்பு கயிறு மாதிரி நிற்கும்.

இதில் வேறு ஒரு லாபமும் இருக்கிறது. கையில் கிடைக்கவே இல்லை என்றால் முன்பெல்லாம் அடுத்த வழி கழுத்திலோ தொடையிலோ பெரிய குழாய் போடுவது. அது தேவைப்படும் நோய்கள் உண்டு, அவற்றுக்குப் போடத்தான் வேண்டும். ஆனால் கையில் நரம்பு கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைப் போட்டால் கிருமித் தொற்று, ரத்தக் கசிவு, நுரையீரலில் குத்திவிடும் ஆபத்து என்று எல்லாம் கூடவே வருகிறது. வாஷிங்டனில் அதே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முறையைப் பழக்கிய பிறகு, 2006-க்கும் 2011-க்கும் இடையில் எமர்ஜென்சியில் இந்தப் பெரிய குழாய் போடுவது 80 சதவீதம் குறைந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மேல்கையில் நரம்பு ஆழத்தில் இருப்பதால், சாதாரண நீள வென்ஃப்ளான் போட்டால் பாதி நீளம் தோலையும் கொழுப்பையும் கடக்கவே செலவாகிவிடும். நரம்புக்குள் நுனி மட்டும் இருக்கும். கையை மடக்கும்போது வெளியே வந்துவிடும். அதற்கு நீளமானதைப் போட வேண்டும். எல்லா இடத்திலும் அது ஸ்டாக்கில் இருக்காது. கசிந்தாலும் ஆழத்தில் கசிவதால் வீக்கம் வெளியே தெரியத் தாமதமாகும். அதனால் மருந்து போகும்போது எரிச்சல், இறுக்கம், கை கனப்பது போல ஏதாவது இருந்தால் "போட்டவங்க ஸ்கேன் பாத்துதானே போட்டாங்க, சரியாத்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இப்போது நான் பிரித்துச் சொல்கிறேன் என்ற இடம். மேல்கையின் உட்புறத்தில் சிரைக்குப் பக்கத்திலேயே தமனியும் போகிறது, உண்மையான நரம்பும் போகிறது, உணர்ச்சியைக் கொண்டுபோகிற நரம்பு. ஊசி போடும்போது விரல் நுனி வரை கரண்ட் அடித்தது போலச் சுரீர் என்று ஓடினால், அது சாதாரண ஊசி வலி அல்ல. பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டாம். "விரலுக்கு இழுக்குது" என்று சொன்னால் போதும், போடுகிறவர் உடனே ஊசியை எடுத்துவிடுவார்.

நம் நாட்டில் ஏன் எல்லா எமர்ஜென்சியிலும் கட்டில் பக்கத்தில் இந்த மெஷின் இல்லை? விலை ஒரு காரணம், பயிற்சி இன்னொரு காரணம். எமர்ஜென்சி மெடிசின் என்ற தனி மேற்படிப்பையே இந்திய மருத்துவக் கவுன்சில் 2009-இல்தான் அங்கீகரித்தது. மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது. ஸ்கேன் சென்டரில் "கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்படாது" என்று போர்டு பார்த்திருப்பீர்கள். 1994-இல் வந்த அந்தச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் மெஷினும், கையில் பிடிக்கிற சின்ன மெஷினாக இருந்தாலும், பதிவு செய்யப்பட வேண்டும். பதிவான இடத்தை விட்டு நினைத்தபடி எடுத்துப் போக முடியாது. யார் பயன்படுத்தலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. பெண் குழந்தைகளைக் காப்பாற்ற வந்த சட்டம், அது வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வெளிநாட்டில் சிஸ்டரோ டெக்னீஷியனோ பாக்கெட்டிலிருந்து எடுத்து வைத்துப் பார்ப்பது போல இங்கே நடக்காததற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே பெரும்பாலும் டாக்டர்தான் வர வேண்டும். அந்த டாக்டர் பக்கத்துக் கட்டிலில் மாரடைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதனால்தான் ஸ்கேனைக் "கேளுங்கள்" என்கிறேன், "வாங்காமல் விடாதீர்கள்" என்று சொல்லவில்லை.

எப்போது கேட்பது? முதல் குத்துக்கு முன்னாலேயே. சிஸ்டர் கையில் ரப்பர் கட்டும்போதே, குரலை உயர்த்தாமல், இப்படிச் சொல்லலாம்: "சிஸ்டர், அம்மாவுக்கு எப்பவுமே நரம்பு கிடைக்கிறது கஷ்டம். போன தடவை நாலு குத்து ஆச்சு. கடைசியில மேல்கையில ஸ்கேன் பாத்துத்தான் போட்டாங்க." இந்த ஒரு தகவல் எங்களுக்குத் தங்கம். நரம்பு கிடைப்பது கடினமா என்று முன்கூட்டியே கணிக்க டாக்டர்கள் ஒரு மதிப்பெண் பட்டியல் வைத்திருக்கிறார்கள். நரம்பு தெரிகிறதா, தட்டுப்படுகிறதா, எவ்வளவு அகலம் என்பதோடு, முன்பு கஷ்டப்பட்டதுண்டா என்பதும் அதில் ஒரு கேள்வி. அதற்கு விடை உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

சொல்லியும் சிஸ்டர் ஒரு முறை முயன்று பார்ப்பார். பார்க்கட்டும், பல நேரம் கிடைத்துவிடும். இரண்டு முறை தவறினால், "வேற யாராவது ட்ரை பண்ணலாமா? ஸ்கேன் வெச்சுப் போட இங்க வசதி இருக்கா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் குத்தக் கூடாது, மொத்தமாக நான்குக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க இன்ஃப்யூஷன் நர்ஸ்கள் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. நம்மூரில் அது சட்டம் அல்ல. ஆனால் இரண்டு தவறினால் கை மாறுவது எந்த நல்ல எமர்ஜென்சியிலும் இயல்பு. மூன்றாவது முறை அதே கை தவறுவதற்கு முக்கியக் காரணம் பதற்றம். பக்கத்தில் நின்று நீங்கள் கத்தினால் அந்தப் பதற்றம் இரட்டிப்பாகும், குத்து வாங்கப்போவது உங்கள் அம்மாதான்.

கேட்கக் கூடாத நேரமும் உண்டு. இதயம் நின்றுவிட்டது, ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விட்டது என்றால் யாரும் ஸ்கேனுக்குக் காத்திருக்க மாட்டார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் சின்னத் துளையிட்டு அதன் வழியாக மருந்து கொடுப்பார்கள். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், தச்சு வேலை மாதிரி. உயிரைக் காப்பாற்றும் வேலை அது, தடுக்காதீர்கள்.

இனி அந்தப் படிவத்தில் சேர்க்கச் சொன்ன இரண்டு வரிகள்.

முதல் வரி: "ஊசி போட நரம்பு கிடைப்பது கடினமா? கடைசியாக எந்த இடத்தில் கிடைத்தது?" இதை நோயாளி சொல்லிக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். மயக்கத்தில் இருக்கலாம். கூட வருவது செக்யூரிட்டியாகவோ எதிர் வீட்டுக்காரராகவோ இருக்கலாம். நம் வளாகத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது வரி: "எந்தக் கையில் குத்தக் கூடாது?" டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா போட்டவர்களுக்கு அந்தக் கையில் ஊசி போடுவதோ பி.பி. பார்ப்பதோ கூடாது. அந்த ஃபிஸ்டுலாதான் அவர்களின் உயிர்நாடி. பதற்றத்தில் யாராவது அதைப் பெரிய நல்ல நரம்பு என்று நினைத்துக் குத்திவிடலாம். மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் நெறிக்கட்டியையும் எடுத்து அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு, அந்தப் பக்கக் கையை வழக்கமாகத் தவிர்ப்போம். கிட்னி பாதிப்பு இருந்து இன்னும் டயாலிசிஸ் வரை போகாதவர்களும் எழுதுங்கள். பிற்காலத்தில் ஃபிஸ்டுலா போட மேல்கை நரம்பு வேண்டியிருக்கும், அதை இப்போதே பாழாக்கக் கூடாது. அவர்களுக்கு முடிந்தவரை புறங்கையில் போடச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் விஷயத்தில் ஸ்கேன் பார்த்து மேல்கையில் போடுவதையே யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

ஒரு வார்த்தை கசப்பாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் திருப்தியே ஒரு பாட்டில் டிரிப்ஸில்தான் இருக்கிறது. சளி, காய்ச்சல், கை கால் அசதி எதுவாக இருந்தாலும் "ஒரு குளுக்கோஸ் ஏத்திடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்." அரை லிட்டர் ஐந்து சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்தாறு ஸ்பூன். வாயால் குடிக்க முடிகிறவருக்கு அதே தெம்பை வீட்டில் ஒரு டம்ளர் மோரும் இரண்டு இட்லியும் கொடுக்கும். தேவையில்லாத ஒவ்வொரு டிரிப்ஸும் ஒரு நரம்பைச் செலவழிக்கிறது. எழுபது வயதில் உண்மையாகவே தேவைப்படும் இரவில், ஐம்பது வயதில் வேடிக்கையாக ஏற்றிக்கொண்ட பாட்டில்களுக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கும். டாக்டர் "மாத்திரையே போதும்" என்றால் அவரைக் கஞ்சன் என்று நினைக்காதீர்கள்.

ஏ பிளாக் மாமி கை தூக்குகிறார். ஸ்கேன் பார்த்துப் போட்டால் வலிக்காதா என்கிறார். வலிக்கும் மாமி. தோலைத் துளைப்பது துளைப்பதுதான், ஊசியும் கொஞ்சம் நீளம். குத்துகளின் எண்ணிக்கை குறைவதால் மொத்த வலி குறைகிறது, அவ்வளவுதான். மரத்துப்போகத் தடவும் க்ரீம் உண்டு, ஆனால் வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். எமர்ஜென்சிக்கு அது ஒத்துவராது. திட்டமிட்டுப் போகிறபோது, குழந்தைகளுக்கு, கேட்டுப் பார்க்கலாம்.

ஸ்கேனுக்குத் தனியாகப் பில் போடுவார்களா என்று பொருளாளர் சார் கேட்கிறார், அவர் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். சில இடங்களில் போடுகிறார்கள், சில இடங்களில் இல்லை. போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள், அதில் வெட்கமில்லை. வயிற்று ஸ்கேன் மாதிரி ரிப்போர்ட் தருகிற ஸ்கேன் இல்லை இது, ஊசி போட உதவுகிற விளக்கு மாதிரி. ஆனால் "பில் ஏத்தத்தான் மெஷினைத் தள்ளிட்டு வர்றாங்க" என்று அந்த நேரத்தில் முடிவுகட்டி வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நான்கு தடவை தவறிய நான்கு வென்ஃப்ளானுக்கும் பில் உண்டு.

புதிய படிவம் அடுத்த வாரம் அசோசியேஷன் ஆபீஸில் கிடைக்கும் என்று செயலாளர் சொல்கிறார். ஏற்கெனவே கொடுத்தவர்கள் முழுதாக எழுத வேண்டாம், கடைசி இரண்டு வரியை மட்டும் நிரப்பினால் போதும். ஒரு நகலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள், ஆம்புலன்ஸ்காரர்கள் கண்ணில் சட்டென்று படும். எழுத வராத பெரியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து நான் இங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொடுக்கிறேன். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், எந்தக் கை, எந்த இடம் என்று அதில் சில சமயம் எழுதியிருப்பார்கள்.